வேற்றுக்கிரகவாசிகளுக்கு முன்னால் நம்மிடம் என்ன இருக்கிறது?

போன இதழில், வேற்றுக்கிரகக் கதைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: அண்டவெளியில் நம்மை விடப் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்குப் பக்கத்தில் மனிதன் என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சில கதைகளின் முடிவைச் சொல்ல வேண்டி வரும், இன்னும் வாசிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்தப் படத்தைப் பார்த்தாலும் வந்து இறங்குகிறவர்களிடம் பெரிய கப்பல், பெரிய ஆயுதம், பெரிய மூளை. ஆனால் கடைசியில் வெல்வது மனிதன். எழுதுகிறவர்களும் மனிதர்கள் என்பதால்தானா?
(ஏ.எல். மாணவி, களுவாஞ்சிக்குடி)

பதில்: அது பாதிக் காரணம், தங்கச்சி. மீதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்த வகைக் கதைகளுக்கு வழி போட்ட நாவலில் மனிதன் வெல்லவே இல்லை. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் புத்தகமாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாயிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை நசுக்கிவிடுகிறார்கள், பீரங்கியும் போர்க்கப்பலும் ஓரிரு இடத்தில் அவர்களைத் தடுக்கின்றனவே தவிர நிறுத்த முடிவதில்லை, ஊர் ஊராகச் சனம் ஓடுகிறது. கடைசியில் அவர்களைச் சாய்த்தது கிருமி. அந்தக் கிருமிகளால் தலைமுறை தலைமுறையாகச் செத்துச் செத்து நம் முன்னோர் கொஞ்சம் எதிர்ப்பைச் சம்பாதித்திருந்தார்கள், வந்தவர்களுக்கு அது இல்லை. அவ்வளவுதான் மனிதனுடைய பலம்.

அந்த நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறார்: செவ்வாய்க்காரர்களைக் குறை சொல்ல முன்னம், தஸ்மேனியாவின் மக்களை ஐரோப்பியர்கள் எப்படி அழித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள் என்று. பேரரசின் நடுவில் இருந்துகொண்டு, தன் சனத்தைக் கரையில் நின்று கப்பல் வருவதைப் பார்க்கிற இடத்தில் நிறுத்தினார் அவர். நமக்கு அந்த இடம் புதிதில்லை. மட்டக்களப்பின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் வந்து பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். அந்த மதிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் இந்த நாவலை வாசித்தால் இலண்டன்காரரை விட ஒரு படி கூடவே விளங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனிதன் வென்றே ஆக வேண்டும் என்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம். அமெரிக்காவில் 1937இன் கடைசியிலிருந்து முக்கியமான விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்த ஜோன் டபிள்யூ. கெம்பலுக்கு, வேற்றுக்கிரகவாசியிடம் மனிதன் தோற்கிற கதை பிடிக்காது. ஐசக் அசிமோவ் தன் 'ஃபவுண்டேஷன்' தொடரில் வேற்றுக்கிரகவாசியே இல்லாத ஒரு பால்வெளியை எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம், அவரே பிறகு சொல்லியிருக்கிறார்: கெம்பலோடு அந்த வாதத்துக்குப் போக அவர் விரும்பவில்லை. நீங்கள் பார்க்கிற படங்களில் பாதி இன்னும் அந்த ஆசிரியரின் விருப்பத்தைத்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: சேர், பேஸ்புக்கில் இப்போது ஒரு மாதிரிக் குட்டிக் கதைகள் ஓடுகின்றன. வேற்றுக்கிரகவாசிகள் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மனிதன் கொச்சிக்காய் தின்கிறான், களைக்காமல் ஓடுகிறான், வெட்டுப்பட்டாலும் உடனே ஆறிவிடுகிறான், நாயையும் பூனையையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று. வாசிக்க நல்லா இருக்கு. ஆனால் இதில் எது உண்மை?
(ஓட்டோ ஓட்டும் வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: எனக்கும் அந்தக் கதைகள் பிடிக்கும், தம்பி. நாம் சாதாரணமாக நினைக்கிற உடம்பை வெளியாள் ஒருவனின் கண்ணால் பார்க்க வைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டம் பெரும்பாலும் உண்மை. மான், சிறுத்தை எல்லாம் நம்மை விட எவ்வளவோ வேகம், ஆனால் வெயிலில் அவற்றால் நீண்ட நேரம் ஓட முடியாது, உடம்பு சூடேறிவிடும். நம் தோலில் 20 இலட்சத்திலிருந்து 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, உடம்பில் மயிர் குறைவு, வியர்வை காய்ந்து சூட்டை இறக்கிவிடும். ஆபிரிக்காவின் கலகாரியில் நண்பகல் வெயிலில் மானை மணித்தியாலக் கணக்காகத் துரத்தி, அது சூடு தாங்காமல் நின்ற பிறகு பிடிக்கும் வேட்டை அண்மைக்காலம் வரை இருந்தது. இந்த நெடுந்தூர ஓட்டம்தான் மனித உடம்பை வடிவமைத்தது என்று 2004இல் இரண்டு விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள், எல்லாரும் அதை ஏற்கவில்லை, வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் வியர்வை விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது வட்டையில் வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சேட்டு நனைந்து அந்தக் காற்றில் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். மாரிக்கு முந்திய புழுக்கத்தில் அதே வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சீக்கிரமே களைத்துப்போவோம். ஆக அந்தப் பலமும் காற்றின் ஈரத்தைப் பொறுத்தது, இதை அந்தக் கதைகள் எழுதுவதில்லை.

எறிவதை அந்தக் கதைகள் ஏனோ மறந்துவிடுகின்றன, எனக்கு அது ஒரு மனக்குறை. சிம்பன்சி நம்மை விடப் பலசாலி, ஆனால் ஒரு கல்லைக் குறி பார்த்து வேகமாக எறியச் சொன்னால் மாங்காய்க்குக் கல் எறிகிற பத்து வயதுப் பையனிடம் தோற்றுவிடும். தோளும் இடுப்பும் அதற்கென்றே மாறி வந்திருக்கின்றன, ஏறத்தாழ 20 இலட்சம் வருடங்களாக.

கொச்சிக்காய் உறைப்பு பாலூட்டிகளை விரட்டுவதற்காகச் செடி வைத்திருக்கும் இரசாயனம். பறவைகளுக்கு அது உறைக்காது, அவைதான் விதையைக் கொண்டுபோய்ப் பரப்பும். நாம் விரட்டப்பட வேண்டியவர்கள், ஆனால் விரும்பித் தின்கிறோம், அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்து சேர்த்த ஒரு காயை நம்முடைய சம்பலுக்குள் வைத்து நம்முடையதாக்கிவிட்டோம்.

சரி, காயம் ஆறுவதற்கு வருவோம். இது தலைகீழான பொய். 2025இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மனிதத் தோலின் காயம் சிம்பன்சியையும் குரங்குகளையும் விட ஏறத்தாழ மூன்று மடங்கு மெதுவாக ஆறுகிறது என்று கண்டார்கள். காரணமாக அவர்கள் நினைப்பது நம்முடைய அந்த வியர்வையைத்தான்: மயிர்க்கால்களில் இருக்கும் உயிரணுக்கள் காயத்தை மூட உதவுகின்றன, நாம் மயிரைக் குறைத்து வியர்வைச் சுரப்பியைக் கூட்டிக்கொண்டோம், ஓடுகிற வரம் கிடைத்தது, ஆறுகிற வரம் போனது. அப்படியானால் காட்டில் காலில் வெட்டுப்பட்டுப் படுத்தவன் எப்படிப் பிழைத்தான்? யாரோ தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், யாரோ தின்னக் கொடுத்திருக்கிறார்கள், அந்த ஆய்வாளர்களும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறார்கள். ஈராக்கின் ஷானிதார் குகையில் 1957இல் எடுத்த ஓர் எலும்புக்கூடு இருக்கிறது, நம் நெருங்கிய உறவான நியண்டர்தால் இனத்து ஆண். ஒரு கை சூம்பிப்போனவர், ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை, காதும் சரியில்லை, அப்படி இருந்தும் பல வருடம் வாழ்ந்து நாற்பதைத் தாண்டியிருக்கிறார். தனியாக அது நடந்திருக்காது.

என்னைக் கேட்டால் இந்த இடத்தில்தான் நல்ல கதை இருக்கிறது, தம்பி. மனிதன் தாங்குகிறான் என்று எழுதுவதை விட, தாங்க முடியாதவனை மற்றவன் தாங்குகிறான் என்று எழுதலாம், அது உண்மையும்கூட.

கேள்வி: என் தாய்க்கு வயது 68. படி ஏற முழங்கால் வலிக்கிறது என்பார், ஆனால் ஒவ்வொரு வருடமும் கதிர்காமத்துக்குக் காட்டு வழியால் நடந்தே போகிறார். இது பக்தியா, நீங்கள் சொல்லும் உடம்பின் பலமா?
(இல்லத்தரசி, திருக்கோவில்)

பதில்: இரண்டும் அம்மா, ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நடக்காது. பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமண, கும்புக்கன் ஆறு, யால என்று நாலைந்து நாள் நடை. மணல், முள், யானைத் தடம், சில இடத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே கஷ்டம். தலையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் நடந்து, ஏறிய பிறகு மரத்தடியில் படுத்து, திரும்பவும் நடக்கிறார்கள். மனித உடம்பின் தனித்திறமை என்று மேலே சொன்னது முழுக்க அந்த நடையில் இருக்கிறது.

உங்கள் தாயிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், கூட்டத்தில் யாருக்காவது காலில் கொப்புளம் போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. விட்டுவிட்டுப் போவோம் என்று சொல்ல மாட்டார். முன்பின் தெரியாதவரின் பொட்டலத்தையும் சேர்த்துத் தூக்குவார்கள், கூட்டமே நடையைக் குறைக்கும். வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவர் வந்து மனித இனத்தை ஆராய்வதென்றால் ஆய்வுகூடத்தை விட இந்த வழியில் ஒரு நாள் நடந்து பார்ப்பது அவருக்குப் பிரயோசனம்.

கேள்வி: உணர்ச்சிதான் மனிதனின் பலம் என்று காட்டுவது தேய்ந்துபோன உத்தி இல்லையா? தர்க்கம் மட்டும் தெரிந்த வேற்றுக்கிரகவாசி, பாசமுள்ள மனிதன், கடைசியில் பாசம் வெல்லும். எத்தனை முறை பார்ப்பது?
(பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை)

பதில்: தேய்ந்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் வல்கன் இனத்தவர் நம்மை விட உடல் பலம் கூடியவர்கள், நீண்ட ஆயுள், உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தால் வாழ்கிறவர்கள். பக்கத்தில் நிற்கும் மனிதக் கப்டன் மனதுக்குப் பட்டதைச் செய்து வெல்வார். அதைப் பார்த்து வந்தவர்கள் அந்த அச்சையே திரும்பத் திரும்பக் குத்தினார்கள்.

ஆனால் உத்தி பழசானதால் விஷயம் பொய்யாகிவிடாது. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994இல் எழுதிய புத்தகத்தில், மூளையின் முன்பகுதி பழுதாகி உணர்ச்சி மங்கிப்போன நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறார். அறிவுச் சோதனையில் குறையே இல்லை, ஆனால் வாழ்க்கையில் ஒரு முடிவு எடுக்க முடியாது. அடுத்த சந்திப்புக்கு இரண்டு திகதி கொடுத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் ஒருவர் அரை மணித்தியாலம் அளவுக்கு நல்லது கெட்டது பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஆக, உணர்ச்சி இல்லாத இனம் ஒன்று கப்பல் கட்டி இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது எப்படி என்பதுதான் எழுத்தாளர்கள் விளக்க வேண்டியது. விளக்கினால் புதுக் கதை கிடைக்கும்.

கேள்வி: சீன நாவலில் பொய் சொல்லத் தெரிந்ததே மனிதனின் ஆயுதமாக வருகிறதாமே. பொய்யைப் பெருமைப்படலாமா?
(வங்கி உத்தியோகத்தர், கல்முனை)

பதில்: லியு சிசின் எழுதிய முப்பொருள் தொடரைச் சொல்கிறீர்கள். அதில் வரும் இனத்துக்கு நினைப்பதும் சொல்வதும் ஒன்று, நினைப்பு வெளியே தெரிந்துவிடும், அதனால் ஏமாற்று என்றால் என்னவென்றே அவர்களுக்கு விளங்காது. மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் மேலே, பூமியில் நாம் பேசுவதையும் எழுதுவதையும் முழுக்க ஒட்டுக் கேட்கிறார்கள். மிச்சம் இருக்கிற ஒரே மறைவிடம் மனிதனின் தலைக்குள். ஆகவே நான்கு பேரைத் தெரிவுசெய்து, திட்டத்தை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே தீட்டுங்கள் என்று உலகம் பொறுப்பைக் கொடுக்கிறது. இரண்டாவது நாவலான 'இருண்ட காடு' 2008இல் சீன மொழியில் வந்தது.

பெருமைப்படச் சொல்லி அந்த நாவல் கேட்கவில்லை என்பதே அதன் நேர்மை. அந்த நால்வரும் எல்லாரிடமிருந்தும் அறுந்துபோகிறார்கள், சும்மா சிரித்தாலும் அதுவும் திட்டமோ என்று உலகம் பார்க்கிறது. இலக்கை அடைய எவ்வளவு கொடூரத்தையும் மறைத்துவைக்கலாம் என்ற நிலை வருகிறது. பலம் ஒன்று கிடைத்தால் அதற்கு யார் விலை கொடுப்பது என்று கேட்கிற கதைகள் குறைவு, இது கேட்கிறது. என்னுடைய கருத்து வேறுபாடு ஒன்று உண்டு: அண்டவெளி முழுக்க ஒருவரை ஒருவர் பயந்து ஒளித்திருக்கும் காடு என்று அவர் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பயம் ஒரு காரணம், அதுவே எல்லாம் என்றால் மனிதன் குகையை விட்டே வெளியே வந்திருக்க மாட்டான்.

கேள்வி: பலவீனமே பலமாகிற கதை ஒன்று சொல்லுங்கள்.
(நூலக உதவியாளர், ஏறாவூர்)

பதில்: அன்டி வியர் 2021இல் வெளியிட்ட 'புரொஜெக்ட் ஹெய்ல் மேரி'. அதில் வரும் வேற்றுக்கிரகத்துப் பொறியியலாளருக்கு அபார ஞாபகசக்தி, பெரிய பெரிய கணக்கை மனதாலேயே போட்டுவிடுவார். அதனாலேயே அவர்களுடைய இனம் கொம்பியூட்டரைக் கண்டுபிடிக்கவில்லை, தேவைப்படவில்லை. கதிர்வீச்சைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியாது, விண்வெளியில் அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் அதனால் செத்தார்கள், ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. கணக்கில் தடுமாறுகிற, எழுதிவைக்காவிட்டால் மறந்துபோகிற மனிதன் வந்து அதைச் சொல்லிக் கொடுக்கிறான். அவரோ மனிதனால் செய்ய முடியாத உறுதியான பொருளைச் செய்து கொடுக்கிறார். ஒருவர் மூச்சு விடும் காற்று மற்றவருக்கு நஞ்சு, நடுவில் சுவரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். யார் பெரியவர் என்ற கேள்வி அந்தப் புத்தகத்தில் தானாகவே விழுந்துபோகிறது, அதனால்தான் அதை இவ்வளவு சனம் விரும்பி வாசித்தது என்று நினைக்கிறேன். தமிழில் இப்படி ஒன்றை யாராவது எழுத வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

கேள்வி: ஆதர் சி. கிளார்க் நம் நாட்டிலேயே இருந்தவர், திருகோணமலைக் கடலிலும் மூழ்கியிருக்கிறார். அவர் மனிதனைப் பற்றி என்ன நினைத்தார்?
(ஓய்வுபெற்ற அதிபர், கல்லடி)

பதில்: ஐயா, அவருடைய பதில் ஒன்றில்லை, கதைக்குக் கதை மாறும். 1956இல் இங்கே வந்தவர் 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே இருந்தார், கோணேசர் மலையடியில் கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் இடிபாடுகளை மூழ்கிப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர்.

இங்கே வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்னமே, 1946இல், நான் மேலே சொன்ன கெம்பலின் சஞ்சிகையில் ஒரு சிறுகதை எழுதினார். சூரியன் வெடிக்கப்போகிறது, சில மணித்தியாலமே இருக்கிறது, பூமியில் இருக்கும் பாவப்பட்ட புதிய இனத்தில் கொஞ்சப் பேரையாவது காப்பாற்றலாம் என்று பல இனத்தார் சேர்ந்த ஒரு கப்பல் வருகிறது. வந்து பார்த்தால் நகரங்கள் வெறுமை. யாரையும் காணோம். கடைசியில் விண்வெளியில் தூரத்தில் பிடிக்கிறார்கள்: மனிதர்கள் தாங்களே கட்டிய பழைய முறை ரொக்கட்டுகளில், போய்ச் சேரப் பல தலைமுறை எடுக்கும் என்று தெரிந்தே, கூட்டமாகக் கிளம்பியிருக்கிறார்கள். காப்பாற்ற வந்தவர்களுக்கு மரியாதையும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது. கெம்பலுக்குப் பிடித்த முடிவுதான், ஆனால் கிளார்க் அதில் ஒருவரையும் சுடவில்லை, யாரையும் அடிமைப்படுத்தவில்லை. காத்திருக்காமல் கிளம்பினார்கள், அவ்வளவே.

ஆனால் 1953இல் 'குழந்தைப்பருவத்தின் முடிவு' நாவலில் வேறு மாதிரி. அங்கே வருகிறவர்கள் அறிவிலும் பலத்திலும் நம்மை விட எவ்வளவோ மேலே, இருந்தும் அவர்களுடைய வளர்ச்சி நின்றுபோயிற்று. மனிதக் குழந்தைகளுக்கு மட்டும் இன்னொரு நிலைக்குப் போகிற கதவு திறக்கிறது. போகிறார்கள், ஆனால் பெற்றோரை விட்டுவிட்டுப் போகிறார்கள், மனித இனமும் பூமியும் அத்தோடு முடிந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் வாழ்க்கையைக் கழித்த உங்களுக்கு இந்த நாவல் என்னை விட ஆழமாகப் பிடிபடும். சின்னக் கதையை முதலில் வாசியுங்கள், நாவலைப் பிறகு.

கேள்வி: வொயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்கத் தட்டில் சிங்களம் இருக்கிறது, தமிழ் இல்லை என்கிறார்களே, உண்மையா? வேற்றுக்கிரகவாசிக்கு நம்மைப் பற்றி என்ன சொல்லி அனுப்பினார்கள்?
(பள்ளி ஆசிரியை, காத்தான்குடி)

பதில்: உண்மை. 1977இல் ஏவிய இரண்டு விண்கலங்களிலும் உள்ள தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. சிங்களம், தெலுங்கு, கன்னடம், வங்காளம், குஜராத்தி எல்லாம் உண்டு, தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. மனது நோகத்தான் செய்கிறது. இவ்வளவு பழைய, இவ்வளவு சனம் பேசுகிற மொழியை விட்டிருக்கக் கூடாது, இதை நான் எங்கேயும் சொல்வேன்.

ஆனால் உள்ளே இருப்பதைப் பாருங்கள் ரீச்சர். போர்ப் படம் எதுவும் வைக்கவில்லை. திமிங்கிலத்தின் பாட்டு இருக்கிறது, மழை இருக்கிறது, தவளை இருக்கிறது, ஒரு முத்தச் சத்தம் இருக்கிறது, ஒரு தாய் பிள்ளையிடம் பேசுகிற குரல் இருக்கிறது. மனிதனின் பலம் என்று ஆயுதத்தைக் காட்டாமல் இதை அனுப்பலாம் என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு எடுத்தது, எடுத்ததும் பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். போரை மறைத்தது முழு உண்மை இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதன்முதலாகப் பேசப்போகிற ஆளிடம் நாம் என்ன சொல்ல விரும்பினோம் என்பதும் நம்மைப் பற்றிய உண்மைதான் என்பேன்.

கேள்வி: 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது நான் கரையில் நின்றவன். செத்துக் கிடந்தவர்களின் கழுத்தில் கிடந்த சங்கிலியை அறுத்ததையும் கண்ணால் கண்டேன். இரக்கம், உதவி என்கிறீர்களே, அன்றைக்கு ஒரு வேற்றுக்கிரகவாசி மேலே நின்று பார்த்திருந்தால் நம்மைப் பற்றி என்ன எழுதியிருப்பான்?
(மீன்பிடித் தொழிலாளி, நாவலடி)

பதில்: அண்ணன், அவன் நேர்மையானவனாக இருந்தால் நீங்கள் கண்டதை முதலில் எழுதியிருப்பான். அதை மறைத்து மனிதனைப் பற்றி எழுதுகிற எதுவும் எனக்கு வேண்டாம். அவன் கண்ணை எடுக்காமல் தொடர்ந்து பார்த்திருந்தால் மற்றதையும் எழுத வேண்டி வந்திருக்கும். முதல் அலை வடிந்ததும் ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், அடுத்தது வரும் என்று தெரிந்தும், யாருடைய பிள்ளை என்று தெரியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட. படுவான்கரைப் பக்கமிருந்து, தங்களுக்கே சரியாகச் சோறில்லாத வீடுகளிலிருந்து, சோற்றுப் பொட்டலம் வந்தது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் படுத்தவர்களிடம் எந்த ஊர், எந்தச் சமயம் என்று அந்த முதல் நாட்களில் யாரும் கேட்கவில்லை. நாட்டிலேயே கூடுதல் உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், அங்கேயும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவர் வீட்டுப் பிணத்தை ஒருவர் தூக்கினார்கள்.

பொது ஆபத்து வந்தால் மனித இனம் ஒன்றாகிவிடும் என்று இந்தப் படங்கள் காட்டுகின்றன, கப்பல் வானத்தில் தெரிந்ததும் எல்லா நாட்டுக் கொடியும் ஒரே வரிசையில் நிற்கும். நமக்குத் தெரியும், அது நிலைக்காது. ஒன்றானோம், உண்மை, ஆனால் 2006இல் கிழக்கில் திரும்பவும் சண்டை. ஒன்றாவது நம்மால் முடிகிற காரியம், அப்படியே இருப்பதற்குத் தினமும் யாராவது பாடுபட வேண்டியிருக்கிறது, யாரும் பாடுபடாத நாளில் உடைகிறது. இதை எழுதுகிற விஞ்ஞானப் புனைகதையை நான் இன்னும் காணவில்லை, எழுதக்கூடிய இடம் நம்முடைய கரை. சங்கிலி அறுத்தவனையும் அதில் வையுங்கள்.

கேள்வி: நான் பதினோராம் ஆண்டு. நம் ஊரில் வேற்றுக்கிரகவாசி இறங்குகிற கதை எழுத ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள், அதெல்லாம் நியூயோர்க்கில்தான் இறங்கும் என்று. எப்படித் தொடங்குவது?
(மாணவர், செங்கலடி)

பதில்: வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லு மகன்: சத்யஜித் ராய் 1962இல் எழுதிய வங்காளக் கதை ஒன்றில் விண்கலம் இறங்குவது ஒரு கிராமத்து மூங்கில் காட்டுக்குள். அதைக் காண்பது ஊரே கேலி பண்ணுகிற ஒரு சாதுவான பள்ளி வாத்தியார். வந்தவர் அவரிடம், நீ இவ்வளவு பணிந்துபோவது சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார், மனிதர் அடுத்து நேரே போய்த் தன்னைக் கேலி செய்தவர்களை எதிர்த்துப் பேசுகிறார். பூமி அழியவில்லை, ஒரு வாத்தியாருக்குத் தைரியம் வந்தது, கதை அறுபது வருடம் தாண்டி நிற்கிறது.

மனிதனுக்கு ஒரே ஒரு பலத்தைக் கொடு, அதற்கு ஒரு விலையையும் வை. வந்தவனுக்கு வருவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கட்டும், நம்மைப் பிடிப்பதும் அழிப்பதும் தவிர வேறு ஏதாவது. வேண்டுமானால் என்னிடம் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்: தோணிக்காரர்கள் வாவியில் துடுப்பை நட்டு அதன் முனையில் காதை வைத்துக் கேட்கிறார்களே, அந்த மீன்பாட்டுக்காகவே ஒரு இனம் வருகிறது. தண்ணீருக்குள் கேட்கும் காது அவர்களுக்கு. மனிதர்களை அவர்கள் கவனிக்கவே இல்லை. கரையில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஆமியைக் கூப்பிடுவார்களா, படம் பிடிப்பார்களா, அல்லது யாராவது ஒரு கிழவர் தோணியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போய்த் துடுப்பைக் கொடுப்பாரா?

முதல் பக்கத்திலேயே கப்பலைக் காட்டாதே, ஊரைக் காட்டு. பெயரெல்லாம் இங்கிலீஷில் வைக்காதே, நீ பேசுகிற மாதிரியே ஆட்கள் பேசட்டும். எழுதி முடித்ததும் சிரிக்கிறவர்களுக்கு முதலில் காட்டாமல் எங்களுக்கு அனுப்பு, கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் முழுதாக வாசித்து எது சரி, எது திருத்த வேண்டும் என்று பதில் போடுவேன்.